உங்கள் கட்டுரையைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றுவது எப்படி?

நீங்கள் எழுதிய கட்டுரை நல்ல ஆய்விதழ் ஒன்றில் வந்துவிட்டது. இணைப்பைத் துறையில் எல்லாருக்கும் அனுப்புகிறீர்கள். வேறு கல்லூரியில் இருக்கும் தோழி திறந்து பார்த்தால், சுருக்கத்துக்குக் கீழே டாலரில் ஒரு தொகையைக் கட்டச் சொல்கிறது. வீட்டுக்குப் போய் நீங்களே திறந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். பல்கலைக்கழகம் கட்டும் சந்தா வளாகத்து இணையத்தோடு முடிந்துபோகிறது.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிப்பாளருக்குக் கட்டணம் செலுத்தி, கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்வது. ‘நேச்சர்’ இதழ் இதற்காக 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அது உச்சம் என்று தள்ளிவிட்டாலும், நடுத்தர இதழ்கள் கேட்கும் தொகையே ஓர் ஆய்வாளரின் பல மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். இன்னொரு வழிக்குக் காசு வேண்டாம். கட்டுரையின் உரிய பிரதியை உங்கள் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் இணையக் களஞ்சியத்தில் வைத்துவிடலாம். பெரிய பதிப்பாளர்களில் பெரும்பாலோர் இதை அனுமதிக்கிறார்கள். இருந்தும் நம்மவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. எந்தப் பிரதியை வைக்கலாம் என்பது தெரிவதில்லை. தெரிய வரும்போது அந்தப் பிரதி கையில் இருப்பதில்லை. நூலகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவன் என்ற முறையில் அதிலிருந்தே தொடங்குகிறேன். மென்பொருள், படிவம், உரிமம் எல்லாம் அப்புறம்.

முதல் வேலை: சரியான பிரதியை எடுத்து வையுங்கள்

ஒரே கட்டுரை மூன்று வடிவங்களில் இருக்கும். முதலாவது, நீங்கள் இதழுக்கு முதன்முதலில் அனுப்பியது. இரண்டாவது, மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஆசிரியர் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று சொன்ன பிரதி. இதில் கருத்தும் சொற்களும் முடிவாகிவிட்டன. ஆனால் இன்னும் உங்கள் வேர்டு கோப்பாகவோ லேட்டக் கோப்பாகவோதான் இருக்கிறது. மூன்றாவது, இதழின் சின்னம், பக்க எண், இரண்டு பத்தி வடிவமைப்பு எல்லாம் சேர்ந்து அச்சான வடிவம்.

களஞ்சியத்தில் வைக்கப் பொதுவாக அனுமதிக்கப்படுவது இரண்டாவது. அதை ஏற்கப்பட்ட பிரதி என்று சொல்வோம். மூன்றாவதில் பதிப்பாளரின் உழைப்பும் இருக்கிறது என்பதால் அதைத் தொட விடமாட்டார்கள். இதழே திறந்த அணுக்க (யாரும் காசில்லாமல் படிக்கும்) இதழாக இருந்தாலோ, கட்டணம் கட்டிக் கட்டுரையைத் திறந்துவிட்டிருந்தாலோ அது விதிவிலக்கு. அப்போது அச்சான வடிவத்தையே ஏற்றலாம். முதலாவதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. ஆனால் மதிப்பீட்டாளர்கள் கண்டுபிடித்த பிழைகள் அதில் அப்படியே இருக்கும். வேறு வழியில்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நூலகத்துக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் கொண்டுவருவது மூன்றாவதைத்தான். ‘இதழ் தளத்திலிருந்து இறக்கினேன், அழகாக இருக்கிறதே’ என்பார்கள். அழகாக இருப்பதுதான் சிக்கல். சரி, இரண்டாவதைக் கொடுங்கள் என்று கேட்டால், கடைசித் திருத்தத்தை நெறியாளர் செய்தார், அவர் மடிக்கணினியில் இருக்கும், அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று போகும்.

அதனால் ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே ஒரு கோப்புறை திறந்து, கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பு, படங்கள், அட்டவணைகள், ஏற்பு மின்னஞ்சல், கையெழுத்திட்ட பதிப்புரிமை ஒப்பந்தம் ஆகியவற்றை அதில் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மெய்ப்புப் பார்க்கச் சொல்லி ஒரு பிடிஎஃப் வரும். அது பதிப்பாளர் வடிவமைத்தது. மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதை ஏற்கப்பட்ட பிரதி என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரதி ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? கட்டுரை அனுப்பிய இணையதளத்தில், எடிட்டோரியல் மேனேஜரோ ஸ்காலர்ஒன்னோ, உங்கள் பழைய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கடைசித் திருத்தப் பிரதி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். வரி எண்களையும் ஓரத்தில் தொங்கும் திருத்தக் குறிப்புகளையும் மதிப்பீட்டாளருக்கு எழுதிய பதில் கடிதத்தையும் நீக்கிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரோடு நடந்த வாக்குவாதத்தை ஊருக்கே காட்ட வேண்டியதில்லை.

பிறகு முன்னால் ஒரு பக்கம் சேருங்கள். கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் (வெளியான கட்டுரைக்குக் கிடைக்கும் நிலையான இணைய அடையாள எண்), அதன் கீழ் ஒரு வரி: ‘இது மேற்கண்ட இதழ் ஏற்றுக்கொண்ட பிரதி, வெளியான வடிவத்தை டி.ஓ.ஐ. இணைப்பில் காணலாம்.’ படிப்பவர் எந்த வடிவத்தை மேற்கோள் காட்டுவது என்று குழம்ப மாட்டார். பதிப்பாளர்கள் பலர் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள்.

களஞ்சியம் எங்கே இருக்கிறது?

நிறுவனக் களஞ்சியம் என்பது ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதியவற்றைச் சேர்த்து, விவரக் குறிப்போடு, நிலையான முகவரியில் எல்லாரும் இலவசமாகப் படிக்க வைக்கும் சேமிப்பகம். பெரும்பாலும் நூலகம்தான் நடத்தும். பின்னால் ஓடும் மென்பொருள் அநேகமாக டிஸ்பேஸ் ஆக இருக்கும், எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலட்-பேக்கார்ட் ஆய்வகமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் அது. அதற்கு முன்பே, 2000-இல், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஈபிரிண்ட்ஸ் என்ற மென்பொருள் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஈபிரிண்ட்ஸ் கொண்டு தன் களஞ்சியத்தை 2002-இலேயே தொடங்கிவிட்டது.

இந்தியாவில் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தன் இணையதளத்தில் இப்படி ஒரு களஞ்சியம் அமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளே சொல்கின்றன. எழுத்தில் இருப்பது எல்லா இடத்திலும் நடப்பில் இல்லை. இலங்கையில் யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை, மொறட்டுவை, தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகங்கள் களஞ்சியம் நடத்துகின்றன.

உங்களுடைய நிறுவனத்தில் இருக்கிறதா என்று அறிய நூலக இணையப் பக்கத்தில் ‘ரெபாசிட்டரி’ அல்லது ‘டிஸ்பேஸ்’ என்று தேடுங்கள். ஓப்பன்டோர் என்ற உலகப் பட்டியலிலும் நிறுவனப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் இல்லையென்றால் நேரே போய் நூலகரைக் கேளுங்கள். களஞ்சியம் இருந்தும் வளாகத்துக்குள் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அது திறந்த அணுக்கம் ஆகாது, காரணம் கேளுங்கள். பல நேரம் காரணம் எதுவும் இருக்காது, சர்வர் அமைத்தபோது யாரோ அப்படி விட்டிருப்பார்கள்.

உண்மையிலேயே களஞ்சியம் இல்லையென்றால் செனோடோ என்ற பொதுக் களஞ்சியம் இருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம், கட்டணம் இல்லை, ஒவ்வொரு பதிவுக்கும் டி.ஓ.ஐ. கிடைக்கும். பதிப்பாளர் விதியை அங்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிசர்ச்கேட்டில் போட்டிருக்கிறேனே, அது போதாதா என்று கேட்பார்கள். அது ஒரு தனியார் நிறுவனத்தின் சமூக வலைத்தளம். எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017-இல் ஜெர்மனியிலும் 2018-இல் அமெரிக்காவிலும் அதன் மீது வழக்குப் போட்டன. 2023-இல் சமரசம் ஆனது. பல பதிப்பாளர்களின் விதிகளில் பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்குக் கிடைக்கும் அனுமதி இத்தகைய தளங்களுக்குக் கிடைப்பதில்லை. அங்கே களஞ்சிய இணைப்பைப் போட்டு வைப்பதில் தவறில்லை.

பதிப்பாளர் விதியைப் பார்ப்பது

இதற்கு வழக்கறிஞர் வேண்டாம். ஷெர்பா ரோமியோ என்று பல ஆண்டுகள் அறியப்பட்ட தரவுத்தளத்தைப் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் தருகிறது. இதழின் பெயரையோ ஐ.எஸ்.எஸ்.என். (இதழுக்குரிய அடையாள எண்) எண்ணையோ போட்டால், எந்த வடிவத்தை, எங்கே, எத்தனை மாதம் கழித்து, எந்த நிபந்தனையோடு வைக்கலாம் என்று தனித்தனியே காட்டும். அதில் ‘நிறுவனக் களஞ்சியம்’ என்ற வரியை மட்டும் பாருங்கள். சொந்த இணையப் பக்கத்துக்கு விதி வேறாக இருக்கலாம்.

ஒரு யோசனைக்குச் சொன்னால், சேஜ் நிறுவனம் ஏற்கப்பட்ட பிரதியைக் காத்திருக்காமலே களஞ்சியத்தில் வைக்க விடுகிறது. ஸ்பிரிங்கரின் சந்தா இதழ்களுக்குப் பொதுவாக 12 மாதம் பொறுக்க வேண்டும். எல்செவியரில் இதழுக்கு இதழ் மாறும். 12 முதல் 24 மாதம் வரை சாதாரணம். இவை அவ்வப்போது மாறுபவை என்பதால் ஏற்றும் நாளில் ஒருமுறை பார்த்து, திரையைப் படமெடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேறு ஏதாவது சொன்னால் ஒப்பந்தத்துக்கே முன்னுரிமை.

தமிழில் வரும் சிற்றிதழ்களும் துறை வெளியீடுகளும் கருத்தரங்க மலர்களும் இந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. அவற்றில் பலவற்றுக்கு எழுதப்பட்ட கொள்கையே இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தல் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். நீங்கள் எதிலும் கையெழுத்திடவில்லையென்றால் உரிமை பெரும்பாலும் உங்களிடமே இருக்கிறது. இருந்தாலும் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுவது மரியாதை: ‘ஐயா, உங்கள் இதழின் இன்ன இதழில் வந்த என் கட்டுரையை எங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், இதழின் பெயரைக் குறிப்பிட்டு, எல்லாரும் படிக்கும்படி வைக்க விரும்புகிறேன். அனுமதி தர வேண்டுகிறேன்.’ தொலைபேசியில் ‘தாராளமா போடுங்க’ என்பார். அதை ஒரு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ வாங்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்பதையும் பாருங்கள். இந்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை அறிவித்துவிட்டன. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தின் நிதி சம்பந்தப்பட்டிருந்தால், 2025 ஜூலை முதல் காத்திருப்புக் காலமே கிடையாது.

இணை ஆசிரியர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கட்டுரைக்குள் அடுத்தவருடைய படம், வரைபடம், பாடல் வரிகள் நிறைய இருந்தால், இதழுக்காக வாங்கிய அனுமதி களஞ்சியத்துக்கும் செல்லுமா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

பிடிஎஃப்: தமிழில் எழுதுகிறவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள்

ஆங்கிலக் கட்டுரை என்றால் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடியும்: வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள், கடவுச்சொல் போடாதீர்கள். தமிழ்க் கட்டுரைக்கு அது போதாது.

உங்கள் பிடிஎஃபைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, மின்னஞ்சல் எழுதும் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நல்லது. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துகளும் கலந்த குப்பையாக வந்தால், உங்கள் கோப்பு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லாமல், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சானது. திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை மட்டுமே. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் இல்லை. கூகுள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலும் குப்பையைத்தான் பார்க்கும். ‘குறுந்தொகை’ என்று தேடுகிறவருக்குக் குறுந்தொகை பற்றிய உங்கள் 300 பக்க ஆய்வேடு கிடைக்கவே கிடைக்காது. தமிழ்த் துறை ஆய்வேடுகள் ஏராளமாக இப்படித்தான் இணையத்தில் இருந்தும் இல்லாமல் கிடக்கின்றன. தட்டச்சு நிலையத்தில் கொடுத்து வாங்குகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே ‘யூனிகோடில் அடித்துக் கொடுங்கள், வேர்டு கோப்பையும் கொடுங்கள்’ என்று சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

பழைய எழுத்துருவில் இருக்கும் வேர்டு கோப்பை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. அதனால் கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த நூற்பெயர்கள், இணைய முகவரிகள், சுருக்கக் குறிகள் எல்லாம் பொருளற்ற தமிழாக மாறிப்போயிருக்கும். துணைநூற்பட்டியலில்தான் சேதம் அதிகம். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும்.

யூனிகோடில் செய்த பிடிஎஃபிலும் சில நேரம் கோளாறு வரும். ‘கொ’, ‘கெ’ போன்ற எழுத்துகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிகிறது, கணினி அதைப் பின்னால் சேமிக்கிறது. பழைய பிடிஎஃப் மென்பொருள்கள் இந்த வரிசையைக் குழப்பிவிடும். ஒட்டிப் பார்க்கும் வரியில் கொம்பு உள்ள சொல் ஒன்று இருக்கட்டும். அது உடைந்து வந்தால் வேர்டின் புதிய பதிப்பிலோ லிப்ரேஆபிஸிலோ திறந்து மறுபடி பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள்.

அச்சுப் பிரதி மட்டுமே இருக்கிறது என்றால் 300 டிபிஐ அளவில் வருடி, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக்கும் மென்பொருள்) வழியே அனுப்ப வேண்டும். டெசராக்ட் என்ற திறமூல எழுத்துணரி தமிழை ஓரளவு நன்றாகப் படிக்கும். கைபேசியில் படமெடுத்துச் சேர்த்த பிடிஎஃபை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். பக்க ஓரத்தில் கட்டைவிரல் தெரியும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பிடிஎஃபின் ‘பண்புகள்’ பகுதியில் ஆசிரியர் என்ற இடத்தில் தட்டச்சு நிலையத்தின் பெயரும், தலைப்பு என்ற இடத்தில் ‘சாப்டர் ஃபைனல் நியூ 2’ என்பது போல ஏதாவதும் இருக்கும். வேர்டு கோப்பில் திருத்திவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள். அப்புறம், கோப்பின் அளவு. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தவிர்க்கும்படி கூகுள் ஸ்காலர் களஞ்சியங்களுக்குச் சொல்கிறது. படங்களைச் சுருக்கினாலே பெரும்பாலான கட்டுரைகள் அதற்குள் அடங்கிவிடும்.

படிவத்தை நிரப்புவது

களஞ்சியத்தில் உள்நுழைய பல்கலைக்கழக மின்னஞ்சல் போதும். சில இடங்களில் நூலகர் கணக்குத் திறந்து தர வேண்டும். டிஸ்பேஸில் துறைகள் ‘கம்யூனிட்டி’ என்றும், அதற்குள் கட்டுரை, ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை போன்ற பிரிவுகள் ‘கலெக்‌ஷன்’ என்றும் அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் துறைக்குள் போய், சரியான கலெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து, புதிய பதிவு தொடங்குங்கள். சில நூலகங்களில் நீங்களாக ஏற்ற முடியாது. கோப்பையும் விவரங்களையும் அனுப்பினால் அவர்களே ஏற்றிவிடுவார்கள். அப்போதும் விவரங்களை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும், நூலகருக்கு உங்கள் துறை பழக்கமானதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

பெயரில்தான் முதல் முட்டுக்கட்டை. படிவம் குடும்பப் பெயர் ஒரு பெட்டியிலும் சொந்தப் பெயர் இன்னொன்றிலும் கேட்கும். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். மு. கவிதா என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதல் பெட்டியில் ‘கவிதா’ என்றும் இரண்டாவதில் ‘மு.’ என்றும் போடுவது நல்லது. மாற்றிப் போட்டால் பட்டியலில் அவர் ‘மு’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவராகிவிடுவார். ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து, இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர், திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மாறிக்கொண்டே போனால், தேடுபொறிக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள். இதற்கு நல்ல மருந்து, ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியே அடையாளம் காட்டும் ஆர்கிட் எண். ஐந்து நிமிடத்தில் இலவசமாக வாங்கிவிடலாம், 16 இலக்கம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. படிவத்தில் அதற்கு இடம் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

தேதி என்ற இடத்தில் கட்டுரை வெளியான தேதியைப் போட வேண்டும், ஏற்றும் தேதியை அல்ல. ஏற்றிய தேதியை மென்பொருளே பதிந்துகொள்ளும். மொழி என்ற இடத்தில் தமிழ்க் கட்டுரைகள் பலவும் ‘ஆங்கிலம்’ என்று பதிவாகியிருக்கும். டிஸ்பேஸ் முதலில் நிறுவும்போது கிடைக்கும் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. நூலகர்தான் சேர்க்க வேண்டும். பட்டியலில் தமிழைக் காணோம் என்றால் ‘மற்றவை’ என்று விட்டுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள். ஒரு வரி மாற்றும் வேலைதான் அது.

தமிழ்க் கட்டுரைக்குத் தலைப்பையும் சுருக்கத்தையும் இரண்டு மொழியிலும் கொடுங்கள். தேடுசொற்களில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ‘சங்கம்’ என்பதை ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுகிறவர்களும் உண்டு, சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் முறைப்படி ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு. சிகாகோவிலோ பாரிஸிலோ உட்கார்ந்து தேடுகிறவர் இரண்டாவதைத்தான் போடுவார். இரண்டையும் எழுதிவிடுங்கள். ஊர்ப் பெயர்களும் அப்படியே: தூத்துக்குடிக்கு ஐரோப்பியர் வழங்கிய ‘டூட்டிகோரின்’ என்ற பழைய பெயரையும் சேர்த்தால் காலனிய ஆவணங்களில் வேலை செய்கிறவர் உங்களைக் கண்டுபிடிப்பார். ‘ஆய்வு’, ‘ஒரு பார்வை’, ‘இலக்கியம்’ போன்ற சொற்களால் யாருக்கும் பயனில்லை.

இரண்டு உரிமங்கள், ஒரு காத்திருப்பு

கடைசியில் ஓர் உரிமத்துக்குச் சம்மதம் கேட்கும். இது நீங்கள் நூலகத்துக்குத் தருவது: கோப்பைச் சேமித்து, பாதுகாத்து, மக்களுக்குக் காட்டும் அனுமதி. பொதுவாக இதில் பதிப்புரிமை உங்களைவிட்டுப் போகாது. அதே கட்டுரையை நாளை புத்தகத்தில் சேர்க்கலாம். ‘நான்-எக்ஸ்க்ளூசிவ்’ (நூலகத்துக்கு மட்டுமே என்று கட்டிப்போடாதது) என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, படிக்கிறவருக்கு நீங்கள் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இது விருப்பத்தைப் பொறுத்தது, பதிப்பாளர் விட்டால்தான். ‘சிசி பை’ என்றால் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். ‘என்சி’ சேர்ந்தால் வணிகத்துக்குக் கூடாது. ‘என்டி’ சேர்ந்தால் மாற்றக் கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். எல்செவியர் இதழ்களின் ஏற்கப்பட்ட பிரதிக்கு என்சி, என்டி இரண்டும் சேர்ந்த உரிமமே போட வேண்டும். உரிமை முழுக்க உங்களிடம் இருக்கும் தமிழ்க் கட்டுரை என்றால் என் கட்சி ‘சிசி பை’தான். நம் கட்டுரைகளை மொழிபெயர்க்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காக அவரைக் காத்திருக்க வைப்பானேன்?

12 மாதம் பொறுக்க வேண்டிய கட்டுரையை 12 மாதம் கழித்து ஏற்றலாம் என்று இருக்காதீர்கள், மறந்துபோகும். இப்போதே ஏற்றி, கோப்புக்குத் தடைக்காலம், அதாவது அந்தக் காத்திருப்பு, முடியும் தேதியைக் குறித்துவிட்டால், தலைப்பும் சுருக்கமும் உடனே தெரியும். கோப்பு அந்தத் தேதியில் தானாகத் திறந்துகொள்ளும். தடைக்காலம் இதழில் வெளியான நாளிலிருந்து கணக்கு. கட்டுரை ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல.

அனுப்பிய பிறகு

பதிவு நூலகரின் மேசைக்குப் போகும். அவர் பிரதியையும் விவரங்களையும் பார்த்து ஒப்புதல் தருவார், அல்லது குறிப்போடு திருப்பி அனுப்புவார். ஒப்புதல் கிடைத்ததும் ஹேண்டில் என்ற நிலையான முகவரி வரும். நாளை சர்வர் மாறினாலும் தளத்தின் வடிவம் மாறினாலும் அந்த முகவரி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அது. தன்விவரக் குறிப்பில், மின்னஞ்சலின் அடியில், ஆர்கிட் பக்கத்தில் இதையே போடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்த நீளமான இணைப்பு வேண்டாம்.

களஞ்சியங்கள் தங்கள் விவரக் குறிப்புகளை ஒரு பொது நெறிமுறை வழியே வெளியே தருகின்றன. அதை ஜெர்மனியின் பீலபெல்ட் பல்கலைக்கழகம் நடத்தும் பேஸ், பிரிட்டனின் கோர் போன்ற தேடுதளங்கள் அள்ளிக்கொண்டு போகும். கூகுள் ஸ்காலர் தானே வந்து பார்க்கும். சில வாரம் ஆகலாம். இரண்டு மாதம் கழித்தும் தலைப்பை முழுதாகப் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் நூலகரிடம் சொல்லுங்கள். ஒரு கட்டுரை தெரியவில்லை என்று பார்க்கப் போய், களஞ்சியம் முழுவதுமே தேடுபொறிக்கு அடைபட்டிருந்தது தெரிய வருவதுண்டு.

பிழை கண்டால் கோப்பை மாற்றலாம், நூலகர் வழியாக. அடியோடு நீக்குவது கடினம். யாராவது மேற்கோள் காட்டியிருப்பார்கள் என்பதால், திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்போடு பதிவு மட்டும் நிற்கும்.

ஆய்வேடு என்றால்

இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்றுவது உங்கள் விருப்பம் அல்ல. 2009-ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறை பட்டம் அறிவித்த 30 நாளுக்குள் மென்பிரதி போக வேண்டும் என்றது. 2016-இல் அதையும் மாற்றி, பட்டம் அறிவிக்கும் முன்பே போக வேண்டும் என்று ஆக்கினார்கள். போய்ச் சேரும் இடம், இந்திய ஆய்வேடுகளுக்கான தேசியக் களஞ்சியமான சோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. அதுவும் டிஸ்பேஸ்தான். ஆய்வேட்டை முகப்பு, உள்ளடக்கம், இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல் என்று தனித்தனிப் பிடிஎஃப்களாக, எண்ணிட்ட பெயர்களோடு கேட்பார்கள். பிரிக்கும் முறையை முன்கூட்டியே நூலகத்தில் வாங்கிக்கொண்டால் வாய்மொழித் தேர்வு வாரத்தில் அலைய வேண்டாம்.

பிரிக்கும்போது பின்னிணைப்பைப் படித்துப் பாருங்கள். தகவலாளிகளின் பெயர், ஊர், வயது, கைபேசி எண்ணோடு கூடிய பட்டியல் நாட்டாரியல், சமூகவியல் ஆய்வேடுகளில் சர்வசாதாரணம். தேர்வாளர் மூன்று பேர் பார்க்க எழுதியது அது. இணையத்தில் உலகமே பார்க்கும். எண்ணையும் முகவரியையும் மறைத்த பிரதியைத் தரலாமா என்று நெறியாளரிடம் பேசி முடிவு செய்யுங்கள். சான்றிதழ்ப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துகளைப் பற்றியும் நூலகத்தில் கேளுங்கள்.

திறந்து வைத்தால் திருடிவிடுவார்களே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அச்சுப் பிரதியாக அலமாரியில் இருக்கும் ஆய்வேட்டிலிருந்து எடுப்பது இதைவிடச் சுலபம், கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். களஞ்சியத்தில் தேதியோடு இருக்கும் கோப்பு, ஒப்புமை காட்டும் மென்பொருள்களின் கண்ணில் படும். இந்தப் பாதுகாப்பும் யூனிகோடில் இருந்தால்தான் கிடைக்கும். மறுபக்கம், உங்கள் ஆய்வேட்டிலிருந்து நீங்களே கட்டுரை எழுதி அனுப்பும்போது அது உங்களோடேயே ஒத்துப்போவதாகக் காட்டும். அனுப்பும் கடிதத்தில் ‘இது என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஒட்டியது’ என்று சொல்லிவிடுங்கள்.

ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால் பதிப்பகத்திடம் முதலிலேயே பேசுங்கள். சிலர் இணையத்தில் இருப்பதைப் பொருட்படுத்துவதில்லை, சிலர் தயங்குவார்கள். தடைக்காலம் கேட்பதானால் ஆய்வேட்டை ஒப்படைக்கும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். ஏறிய பிறகு இறக்கச் சொன்னால் நடக்காது.

பழைய கட்டுரைகள் குவிந்து கிடக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே விடுமுறையில் ஏற்றிவிடத் திட்டம் போட்டு, மூன்றாவது கட்டுரையில் நிறுத்திவிடுவார்கள். யாரும் சந்தா கட்ட வேண்டாத திறந்த இதழ்களில் வந்தவற்றை முதலில் முடியுங்கள். அவற்றுக்கு விதி பார்க்கும் வேலை குறைவு. அடுத்து, எங்குமே இணையத்தில் இல்லாத, அச்சில் மட்டும் வந்த கருத்தரங்கக் கட்டுரைகள். தேடுகிறவருக்கு அதிகம் பயன்படுவது அவைதான். சந்தா இதழ்களில் வந்தவற்றை, ஏற்கப்பட்ட பிரதி கிடைக்கக் கிடைக்க, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.